கொன்பரன்ஸ் மாஸ்ரர்

நல்லூரில் இளைப்பாறிய ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. ஒழுங்கைக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். சிலர் தோட்டம் கொத்துவார்கள். சிலர் எல்லை வேலி வழக்குப் பேசுவார்கள். சிலர் கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு வட்ஸ்அப்பில் ஆத்திசூடி சொல்லிக் கொடுப்பார்கள். மிச்சமிருக்கும் ஒரு வகையினர் மாநாட்டுக்குப் போவார்கள். இந்தக் கடைசி வகைதான் கொன்பரன்ஸ் மாஸ்ரர். பள்ளிக்கூடத்திலிருந்து இளைப்பாறியவர், பேச்சிலிருந்து இளைப்பாறாதவர்.

முத்திரைச் சந்தியில் விடியப்புறம் நின்றால் இவரைக் காணாமல் இருக்க முடியாது. கந்தன் கோயில் காலைப் பூசைக்குப் போகிறவர் அவர்தான். செவியில் பஞ்சு, கழுத்தில் மப்ளர், நாடியில் முகக்கவசம். அந்தக் கவசம் மூக்கின்மேல் இருந்ததை இதுவரை கண்டவர் இல்லை. ஆள் எதிரே வந்தால் வாய்வரை இழுப்பார். கதைக்கத் தொடங்கியதும் கீழே இறக்குவார். "போட்டுக்கொண்டு கதைச்சால் உச்சரிப்பு வடிவா வராது தம்பி" என்பது அவர் தரப்பு நியாயம். இருமல் வந்தாலும் கவசத்தை இறக்கிவிட்டுத்தான் இருமுவார். கவசம் அழுக்காகக் கூடாதல்லவா?

மாஸ்ரருக்கு அழைப்பிதழ் வருகிற காலமும் காய்ச்சல் வருகிற காலமும் அநேகமாக ஒன்றாகவே அமைந்துவிடும். இலங்கையில் இன்ஃபுளுவென்சா ஆண்டுக்கு இரண்டு தடவை தலை தூக்கும்: ஆண்டின் நடுப்பகுதியில் ஒன்று, மாரி மழையோடு தை வரை ஒன்று. ஆய்வரங்குக்காரரும் இதே மாதங்களைத்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து அறிஞர்கள் லீவில் வருவது அப்போதுதான். அவர்கள் வராவிட்டால் அதற்குச் சர்வதேச மாநாடு என்று பெயர் வைக்க முடியாது.

"மாஸ்ரர், கொழும்பிலை உந்தக் காய்ச்சல் கடுமையாப் பரவுதாமெல்லோ. போகத்தான் வேணுமோ?" என்று ஒழுங்கைப் பொடியன் ஒருவன் கேட்டால் பதில் ஆயத்தமாக இருக்கும்.

"காய்ச்சல் வரும் போகும் தம்பி. அமர்வுத் தலைமை திரும்ப வருமோ?"

அழைப்பிதழ் வந்த அன்றிலிருந்து அவர் அரை வைத்தியர். மருத்துவ பீடம் திருநெல்வேலியில், கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் மாஸ்ரர் நம்புவது ரொறன்ரோவில் இருக்கும் மருமகனை. மருமகன் கணக்காளர். இருந்தாலும் குளிர்நாட்டில் இருப்பவர். தடிமனை அறியாமல் இருப்பாரா?

ஆயத்தங்களை வரிசையாகச் சொன்னால் இந்தப் பக்கம் காணாது. மல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் போட்டு அவித்த குடிநீர் ஒரு பிளாஸ்க். அது தீர்ந்தால் கரைத்துக் குடிக்கச் சமஹன் பக்கற்றுகள். நெற்றிக்குச் சித்தாலேப, கைலேஞ்சிக்கு ஓடிக்கொலோன். கந்தனின் திருநீறு தனிப் பொட்டலம். இவற்றில் எதையும் நான் பழிக்க மாட்டேன். மல்லித்தண்ணி தொண்டைக்கு இதம். சூடாக எதைக் குடித்தாலும் உடம்புக்கு நீர் சேரும். வைரஸைக் கொல்லுமா என்று மட்டும் அதனிடம் கேட்கக் கூடாது.

சங்கடம் தருவது சனிடைசர். அதில் குறைந்தது 60 சதவீதம் அற்ககோல் இருந்தால்தான் கையில் உள்ள கிருமி சாகும். மாஸ்ரர் சிக்கனக்காரர். பாதிப் போத்தல் முடிந்ததும் தண்ணீர் விட்டு நிரப்புவார். அது பாதியானதும் இன்னொரு தரம். கடைசியில் போத்தலில் எஞ்சுவது நல்லூர்க் கிணற்றுத் தண்ணியும் எலுமிச்சை வாசமும்தான். அதைத்தான் பஸ்ஸில் பக்கத்து ஆசனக்காரருக்கும் பெருமனதோடு இரண்டு சொட்டு விடுவார். சாதாரண சவர்க்காரத்தைப் போட்டு 20 செக்கன் தேய்த்தால் இதைவிட எவ்வளவோ மேல். அதையும் அவர் அறிவார். ஆறெழுத்து மந்திரத்தை எத்தனை தரம் உருப்போட்டால் 20 செக்கன் ஆகும் என்றுகூடக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார். அந்தக் கணக்கை மேடையில் விளக்குவாரே தவிர பைப்படியில் செய்து பார்ப்பதில்லை.

பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம்தான் தடுப்பூசி நினைவு வரும். தனியார் வைத்தியசாலைக்கு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய், "டொக்டர், நாளைக்கு இரவு பஸ். கெதியா ஒண்டு போட்டு விடுங்கோ" என்பார். ஊசி போட்டு உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தேடிக்கொள்ள ஏறத்தாழ இரண்டு கிழமை எடுக்கும் என்று டொக்டர் சொல்லுவார். மாஸ்ரரின் முகம் வாடிவிடும். இரண்டு கிழமையில் மாநாடும் முடிந்து, பத்திரிகையில் படமும் வந்து, அந்தப் பேப்பரில் கச்சானும் சுற்றி முடிந்திருக்குமே! ஊசி வேண்டாம் என்று வெளியே வந்து, வழியில் பாமசியில் அமொக்சிசிலின் கேட்பார். அந்தக் குளிசை பக்டீரியாவுக்கு உரியது. இன்ஃபுளுவென்சா வைரஸை அது திரும்பியும் பாராது. இருந்தாலும் காசு கொடுத்து வாங்கியதில் ஒரு தெம்பு.

வீட்டில் அதற்குள் இன்னொரு வழக்கு நடந்துகொண்டிருக்கும்.

"இஞ்சாருங்கோ, உந்த நொச்சி இலை முழுக்க ஏன் புடுங்கிறியள்? மரம் மொட்டையாப் போச்சு."

"லொட்ஜிலை ஆவி பிடிக்க வேணுமப்பா. உமக்கு உந்த விசயங்கள் விளங்காது."

லொட்ஜ் அறையில் அடுப்பு ஏது? தேத்தண்ணி போட வைத்திருக்கும் மின் கேத்திலுக்குள் நொச்சி இலையைத் திணித்துக் கொதிக்க விடுவார். ஆவி மூக்கடைப்பைக் கொஞ்சம் இளக்கும், அவ்வளவுதான். அடுத்த நாள் அதே அறைக்கு வந்தவர் குடித்த பிளேன்ரீயைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும்.

வெளிக்கிடும் நேரம் வாசற்படியில் ஒரு தும்மல். தும்மியது மாஸ்ரரேதான். மனைவி உடனே, "தும்மிப்போட்டியள், இருந்து ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்பார். வெளிக்கிடும்போது தும்மல் கேட்டால் பயணத்தைச் சற்று நிறுத்து என்று எங்கள் பழைய ஆட்கள் சொல்லி வைத்தது சகுனத்துக்காகத்தான். இன்றைக்கு அதை ஒரு தொற்றுநோயியலாளர் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார். இன்ஃபுளுவென்சா வந்தவர் காய்ச்சல் காட்டுவதற்கு ஒரு நாள் முந்தியே மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். தும்மல் கேட்டதும் பெட்டியை இறக்கி வைத்தவர்கள் அறியாமலேயே பல பேரைக் காப்பாற்றியிருப்பார்கள். மாஸ்ரர் தண்ணியைக் குடித்தார், பெட்டியைத் தூக்கினார், போனார்.

கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். யாழ்தேவியில் போகலாம். 1956 இல் ஓடத் தொடங்கி, போரில் நின்று, 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த ரயில் அது. அதன் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பயணம் செய்யலாம். மாஸ்ரர் அதில் ஏற மறுப்பதற்கும் அதுவே காரணம். "காத்துப் பட்டால் தடிமன் வரும்." ஆகையால் குளிரூட்டிய இரவு பஸ். யன்னல் எல்லாம் மூடி, திரையும் இழுத்து, நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு விடியும்வரை போவார்கள்.

1977 இல் அலாஸ்காவில் நடந்த சம்பவம் ஒன்றை மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். 54 பேர் ஏறிய விமானம் ஒன்று எஞ்சின் கோளாறால் மூன்று மணித்தியாலம் தரையில் நின்றது. காற்றோட்டம் வேலை செய்யவில்லை. பெரும்பாலானோர் இறங்காமல் உள்ளேயே இருந்தார்கள். இன்ஃபுளுவென்சாவோடு இருந்தவர் ஒரேயொருவர். 72 மணித்தியாலத்துக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள். விமானத்துக்குள் கூடிய நேரம் இருந்தவருக்கு வருத்தம் வருகிற வாய்ப்பும் கூட. மூன்று மணித்தியாலத்தில் இது நடந்தால், கொழும்பு பஸ்ஸின் எட்டு மணித்தியாலத்துக்குக் கணக்குப் பார்க்கக் கணித மாஸ்ரர் தேவையில்லை. எத்தனை பேர் இழுத்தாலும் யன்னல் மூட வராத பழைய இ.போ.ச. பஸ்ஸுக்கு மருத்துவத் துறை ஒரு விருது கொடுத்தால் நான் கைதட்டுவேன்.

முறிகண்டியில் பஸ் நிற்கும். சாரதி தேங்காய் அடிப்பார், பயணிகள் பிள்ளையாரைக் கும்பிடுவார்கள், பிறகு கச்சான். யாழ்ப்பாணத்தார் முறிகண்டியைத் தாண்டிவிட்டுக் கச்சான் வாங்காமல் போனதாகச் சரித்திரம் இல்லை. பஸ் கம்பியைப் பிடித்த கை, காசு எண்ணிய கை, கச்சானை உடைத்து நேரே வாய்க்குள் போகும். பெட்டிக்குள் கட்டிக்கொண்டு வந்த மூன்று வகை முகக்கவசமும் மடித்த மடிப்புக் கலையாமல் கிடக்கும். நாடியில் இருந்த ஒன்றும் கச்சான் கோதைத் தாங்கும் வேலைக்குப் போய்விடும்.

மாநாட்டு மண்டப வாசலில் மாஸ்ரர் முதல் அரை மணித்தியாலம் உதாரண புருஷர். கை கொடுக்க வருபவர்களிடமிருந்து இரண்டடி பின்வாங்கி வணக்கம் வைப்பார். "கைலாகு மேல்நாட்டு வழக்கம். எங்கடை வணக்கம் விஞ்ஞானம்" என்று சின்ன உரையும் இருக்கும். அதெல்லாம் லண்டன் பேராசிரியர் காரிலிருந்து இறங்கும் வரைதான். அவரைக் கண்டதும் ஓடிப்போய் இரண்டு கையாலும் அவர் கையைப் பொத்திப் பிடிப்பார். பிடித்த கையை விடாமலே படமும் எடுப்பிப்பார். நெடுந்தூரம் பறந்து வந்த பேராசிரியர் பாவம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பார்.

அதன் பிறகு மங்கல விளக்கு. ஒரே மெழுகுதிரி பத்துப் பன்னிரண்டு பிரமுகர்களின் கை மாறும். பிறகு ஒலிவாங்கி. உருக்கிலும் பிளாஸ்திக்கிலும் இன்ஃபுளுவென்சா வைரஸ் 24 முதல் 48 மணித்தியாலம்வரை கிடக்கும். துணியில் 8 முதல் 12 மணித்தியாலத்துக்குள் போய்விடும். எங்கள் பேச்சாளர்கள் "நேரங்கருதிச் சுருக்கமாக" என்று தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்கு ஒலிவாங்கியை விடுவதில்லை. அது கைமாறும் தடவை குறைகிறது. நீண்ட பேச்சால் நாட்டுக்கு ஏற்பட்டிருக்கும் நன்மை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பொன்னாடைக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. காலையில் வாழ்த்துரைக்காரருக்குப் போர்த்தது மத்தியானம் ஆய்வுரைக்காரர் தோளில் இருக்கும். பின்னேரம் நன்றியுரை. துணியில் வைரஸ் சாக வேண்டுமானால் அதற்குக் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டுமே!

2020 இல் ஊரடங்கு வந்தபோது மாநாடுகளெல்லாம் சூமுக்குள் போயின. உடம்புக்கு அதைவிடப் பாதுகாப்பான மாநாடு உலகத்தில் நடந்ததில்லை. மாஸ்ரர் அந்த ஆண்டு முழுவதும் தும்மவே இல்லை என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லுவார். ஆனால் மாஸ்ரருக்கு அது இருண்ட காலம். சூமில் பொன்னாடை போர்த்த முடியாது. தேநீர் இடைவேளையில் றோல்ஸும் பற்றிஸும் வராது. எல்லாவற்றிலும் கொடுமை, இவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கொழும்பிலிருக்கும் ஒரு பொடியன் ஒரு பொத்தானை அமத்தி இவர் குரலை நிறுத்திவிட்டான்.

இரண்டாம் நாள் காலையில் மாஸ்ரருக்கு உடம்பு நோ. கண் எரிவு, தொண்டைக் கரகரப்பு. பஸ்ஸில் வாங்கியதோ, வாசற்படியிலிருந்தே கொண்டு வந்ததோ தெரியாது. வைரஸ் உள்ளே போய் ஒன்று முதல் நான்கு நாளுக்குள் வெளியே தெரியும். வெப்பமானி பெட்டிக்குள் இருக்கிறது. அதை எடுக்க மாட்டார். எடுத்தால் அது உண்மையைச் சொல்லிவிடும். ஊருக்கெல்லாம் "காய்ச்சல்", "தொற்று", "கொள்ளை நோய்" என்று பெயர் வைத்தவர், தன்னுடையதற்கு வைக்கும் பெயர் வேறு.

"மாஸ்ரர், முகம் வாடிக் கிடக்குது. காய்ச்சலோ?"

"சீச்சீ, சும்மா தடிமன். தண்ணி மாறினதாலை."

இரண்டு பனடோல் போட்டால் சூடு இறங்கும். சூடு இறங்குவதும் நோய் இறங்குவதும் வேறு வேறு. குளிசை இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் ஆட்களோடு கூடலாம் என்பார்கள் வைத்தியர்கள். மாஸ்ரரின் அமர்வு பத்தரைக்கு. மேடையேறிக் கவசத்தை இறக்கினார். "பண்டைத் தமிழரின் சுகாதாரச் சிந்தனை" என்ற கட்டுரையை முன்வரிசையை நோக்கி இருமி இருமி வாசித்து முடித்தார். முன்வரிசையில் பேராசிரியர்கள். அவர்கள் அடுத்த வாரம் சென்னை, சிங்கப்பூர், சிட்னி என்று பிரிந்து போகிறவர்கள்.

மாநாடு என்பது நோய்க்கு எவ்வளவு வாய்ப்பான இடம் என்பது 1957 இலேயே தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் 'ஆசியக் காய்ச்சல்' என்ற இன்ஃபுளுவென்சா சிங்கப்பூரிலிருந்து 'ராஜூலா' கப்பலில் சென்னைக்கு வந்திறங்கியது. அடுத்த மாதம் அமெரிக்காவில் அயோவா மாநிலத்துக் கிரினெல் என்ற சிற்றூரில் கிறிஸ்தவ இளைஞர் மாநாடு ஒன்று கூடியது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நடுவில் அதே காய்ச்சல் பரவ, வீடு திரும்பியவர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். எல்லாரும் நல்ல பிள்ளைகள், வேதம் படிக்கப் போனவர்கள். வைரஸ் நோக்கத்தை விசாரிப்பதில்லை.

இந்த இடத்தில் சிரிப்பை ஒரு நிமிடம் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. "சும்மா தடிமன்" என்ற சொல் எங்கள் ஊரில் ஆளையும் எடுக்கும். மாரியில் வடக்கில் வருகிற காய்ச்சல் எல்லாம் இன்ஃபுளுவென்சா இல்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோன காய்ச்சல், பரிசோதித்தபோது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. வேளைக்கு வைத்தியசாலைக்குப் போனால் மருந்து இருக்கிற நோய் அது. டெங்குவும் அதே மாதங்களில்தான் கூடும். மாஸ்ரரின் பெட்டியில் மருமகன் அனுப்பிய இபுபுரூஃபன் போத்தல் ஒன்று உண்டு. டெங்குவாக இருந்தால் அந்தக் குளிசை இரத்தப் பெருக்கைக் கூட்டிவிடும். என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பரசிற்றமோலுக்கு மேலே போகக் கூடாது. ரொறன்ரோவில் டெங்கு நுளம்பு இல்லை. மருமகனைக் குற்றம் சொல்ல முடியாது.

திரும்பி வந்த மாஸ்ரர் தோளில் பொன்னாடை, கையில் நினைவுச் சின்னம். விடியப்புறம் கோயிலுக்குப் போனார். ஆண்கள் மேற்சட்டை இல்லாமல் தோளோடு தோள் உரச நிற்கும் கோயில். பூசை மணி அடித்தது. நல்லூரில் மணி பிந்துவதில்லை. மாஸ்ரரின் இருமலும் பிந்தவில்லை. மூன்றாம் நாள் மனைவி போர்த்துக்கொண்டு படுத்தார். பக்கத்து வீட்டில் இரண்டு பேர். ரியூசனுக்கு வந்த பிள்ளைகளில் பாதிப்பேர்.

மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு மாஸ்ரர் உட்கார்ந்தார். கவசம் இப்போது மூக்குக்கு மேல், ஒழுங்காக. எட்டி இருந்து மல்லித்தண்ணியை நீட்டினார்.

"உமக்கு எதிர்ப்புச் சக்தி காணாதப்பா. என்னைப் பாரும், கொழும்பு முழுக்கக் காய்ச்சல். எனக்கு ஒண்டும் பிடிக்கேல்லை."

இவரைத் திருத்த முடியாது. மற்றவரிடமிருந்து தனக்கு வருவதைத் தடுக்க ஒரு பெட்டி நிறையச் சாமான் கட்டுகிறவருக்கு, தன்னிடமிருந்து மற்றவருக்குப் போவதைத் தடுக்க ஒரு நாள் வீட்டில் படுத்திருக்கத் தோன்றாது. ஆகவே என் வேண்டுகோள் மாநாட்டு அமைப்பாளர்களுக்குத்தான். மண்டப யன்னல்களைத் திறந்து விடுங்கள். பைப்படியில் சவர்க்காரம் வையுங்கள். அழைப்பிதழின் அடியில் "உரிய நேரத்தில் வருகை தரவும்" என்று யாரும் மதிக்காத வரி ஒன்று போடுகிறீர்களே, அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்: "காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் வர வேண்டாம். கட்டுரையை இன்னொருவர் வாசிப்பார். பொன்னாடை பதிவுத் தபாலில் வீடு வந்து சேரும்."